மன்னா நின்றுபோன பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எல்லாவற்றையும் கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று போதித்தே கிறிஸ்தவ சபைகள் ஏழைகளைச் சோம்பேறிகளாக்குகின்றன என்ற கருத்தோடு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒரு கடிதம் வெளிவந்தது. அதை எழுதிய அன்பர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவர் குறை கண்ட இடத்தில் குறை இல்லை என்பதையும், உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதையும், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது எங்கள் சபையின் ஏழையர் உதவி நிதிக்குக் கணக்கு எழுதிவருகிறவள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

குடியாத்தம் பகுதியில் விடிவதற்கு முன்பே எழுந்து, இலையை நனைத்து வெட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற அவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் உண்டு. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்ற வாக்கியத்தை நான் அதிகமாகக் கேட்டிருப்பது அவர்கள் வாயிலிருந்துதான். அதைச் சொல்லும்போது அவர்கள் கை ஒரு நொடியும் நின்று நான் பார்த்ததில்லை. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அதிகாலை வேன் ஏறிப் போகும் இளம்பெண்களும் வேலைக்கு இறங்கும் முன் ஜெபிக்கிறார்கள். நம்பிக்கை அவர்கள் உழைப்பைக் குறைக்கவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா, இலை வருமா, கூலி கைக்கு வருமா என்று தெரியாத வாழ்க்கையில் மனம் உடைந்துபோகாமல் அவர்களைத் தாங்கி நிறுத்துவது அந்த நம்பிக்கைதான். இதை உழைக்க மறுப்பவர்களின் பேச்சு என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று தெசலோனிக்கேய சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுல், தாமே கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். அந்தப் போதனையை எங்கள் சபைகள் மறந்துவிடவில்லை.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இல்லாதவர்களிடம் நம்பிக்கையைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாங்கள், இருப்பவர்களிடம் அதே நம்பிக்கை என்ன கேட்கிறது என்பதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். என் வருத்தம் முழுவதும் இதுதான்.

ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும், கடவுளின் வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுக்கிறோம். அவற்றில் அடிக்கடி வரும் வசனங்களில் ஒன்று, 'என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்' என்பது. பிலிப்பியர் நிருபம் நான்காம் அதிகாரத்தில் உள்ள இந்த வசனத்தை வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்காத கிறிஸ்தவக் குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அட்டையில் இடம்பெறாத முந்தைய வசனங்களில் என்ன இருக்கிறது? பவுல் சிறையில் இருக்கிறார். அவருடைய குறைவை அறிந்து பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்ற மனிதரின் கையில் உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் அந்தப் பணியில் நோயுற்றுச் சாகும் தறுவாய்க்கே போய்வந்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. முன்பு தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அதே சபைதான் அவருக்கு அனுப்பியது. இப்படிக் கொடுத்தவர்களைப் பார்த்து, நன்றியோடு எழுதப்பட்ட உறுதிமொழி அது. கொடுத்து அறியாத சபை அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அன்றாடத் தேவைக்குக் கடவுளை நம்புவது பற்றிப் பேசும்போது பிரசங்கங்களில் தவறாமல் வருவது வனாந்தரத்து மன்னா. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் மக்களுக்கு விடியற்காலந்தோறும் மன்னா என்ற உணவு வானத்திலிருந்து கிடைத்தது. தலைக்கு ஓர் ஓமர் என்று அளவு வைக்கப்பட்டது. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுப்பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி இருந்தது. நாற்பது ஆண்டுகள் இப்படியே நடந்தது. இவ்வளவும் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் அந்த மன்னா ஒரு நாள் நின்றுபோனது என்பதையும், எப்போது நின்றது என்பதையும் கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள். யோசுவாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. கானான் நாட்டுக்குள் வந்து, அந்த நிலத்தின் தானியத்தை உண்ட மறுநாளே மன்னா நின்றுவிட்டது.

அன்று முதல் கடவுள் போஷிப்பதை நிறுத்திவிட்டாரா? இல்லை. வானத்திலிருந்து வந்தது நிலத்திலிருந்து வரத் தொடங்கியது. நிலம் என்று வந்தபோதே உடையவன், இல்லாதவன் என்ற பிரிவும் வந்துவிடுகிறது. வனாந்தரத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு. ஊருக்குள் ஒருவனுக்கு வயல் உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. அந்த இல்லாதவனுக்கு, விதவைக்கு, அயலூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இனி யார் மன்னா பெய்வது? அதற்கான பதில் அவர்கள் கானானுக்குள் நுழைவதற்கு முன்பே லேவியராகமத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. வயலை அறுக்கும்போது அதன் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிர்களைப் பொறுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் விழுந்த பழங்களை எடுக்காதே, அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது பத்தொன்பதாம் அதிகாரத்துச் சட்டம். மன்னா நின்ற பிறகு ஏழையின் அன்றாட உணவைக் கடவுள் வைத்த இடம், அடுத்தவனுடைய வயலின் ஓரம். வயலுக்கு உடையவன் அந்த ஓரத்தையும் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டால், அவன் கையால் அன்றைக்கு ஓர் ஏழையின் ஜெபத்துக்கு வரவேண்டிய பதில் நின்றுபோகிறது. அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, கூலியாளின் கூலி விடியும்வரைகூட உன்னிடத்தில் தங்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தை 'அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளம்மா' என்று தள்ளிப்போடுகிற கிறிஸ்தவ வீடுகள் இந்த வசனத்தைத் தங்கள் சுவரில் ஒட்டினால் நன்றாயிருக்கும்.

இந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ரூத்தின் சரித்திரமே சாட்சி. மோவாப் தேசத்திலிருந்து மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்த அந்த விதவை, காலையிலிருந்து மாலைவரை போவாஸின் வயலில் கதிர் பொறுக்கி, பொறுக்கியதைத் தட்டிப் புடைத்து, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு வீடு திரும்பினாள். அவள் உழைத்தாள் என்பதைக் கடிதம் எழுதிய அன்பர் கவனிக்க வேண்டும். அவளுக்காக அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று போவாஸ் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டதை எங்கள் சபையார் கவனிக்க வேண்டும். கொடுத்தது தெரியாமல் கொடுப்பதற்கு அந்த மனிதர் அவ்வளவு யோசித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்த பிறகு, மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைத் தேடி ஏழைப் பெண்கள் கொல்லைகளுக்குப் போவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். விரட்டிய கொல்லைக்காரர்களும் உண்டு, கண்டும் காணாததுபோல் நின்றவர்களும் உண்டு. பின்னவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லூத்தரன் சபைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் பிள்ளைகள் படிக்கும் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலில், கர்த்தருடைய ஜெபத்தில் கேட்கும் அன்றாட ஆகாரம் என்பதில் என்னவெல்லாம் அடங்கும் என்று மார்ட்டின் லூத்தர் 1529இல் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். உணவும் உடையும் வீடும் நிலமும் மட்டுமல்ல, நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயில், சமாதானம், உண்மையுள்ள அயலார் ஆகியவையும் அதில் உண்டு. அதனால்தான், தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லாமல் கிடைத்துவரும் அரிசியையும், பள்ளிகளில் போடும் மதிய உணவையும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவையும் நான் ஜெபத்துக்கு வந்த பதிலாகவே எண்ணி நன்றி சொல்கிறேன். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்திய ஆசிரியை எவரும் இதை மறுக்கமாட்டார். அரசு கொடுப்பது வேறு, ஆண்டவர் கொடுப்பது வேறு என்று பிரித்துப் பேசும் போதகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிவதையும் நான் கண்டதில்லை என்று முப்பத்தேழாம் சங்கீதம் சொல்கிறது. ஆனால் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் நம் வட ஆற்காடும் சிக்கிச் சீரழிந்தது. அன்று செத்தவர்களில் கடவுளை நம்பியவர்களே இல்லையா? அவர்கள் விசுவாசம் குறைவாக இருந்ததால் செத்தார்கள் என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவனுக்கு நா எழும்? நடந்தது என்ன என்று பார்த்தால், மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கு வகுத்தார். மழை பொய்த்தது உண்மைதான். மழை பொய்த்த பிறகும் நாட்டில் இருந்த தானியம் பசித்தவனைச் சென்று சேரவில்லை என்பதும் உண்மை. வயலின் ஓரம் அறுக்கப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடக் கொடுமையாக நம் மண் கண்டதில்லை. அந்தச் சங்கீதத்தை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அதை, பசித்திருப்பவனின் முகத்துக்கு நேரே வாசிக்கமாட்டேன். உண்டவர்கள் கூடியிருக்கும் இடத்தில், அடுத்த வீட்டுக்காரன் இரந்து திரியாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று நினைப்பூட்டுவதற்காக வாசிப்பேன்.

வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா சோபியா ஸ்கடர், மருத்துவப் பட்டத்தோடு 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அவர் ஜெபத்தில் நம்பிக்கை உள்ளவர். அதே சமயம், இந்தியாவுக்குப் புறப்படும் முன் மருத்துவமனைக்காக அமெரிக்காவில் வாய்திறந்து உதவி கேட்டவரும் அவரே. நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. கேட்டது அவநம்பிக்கை என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி இன்று நாடு முழுவதிலிருந்தும் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிற நோயாளிகளுக்கு ஏது புகல்?

எங்கள் சபைகளில் கேட்பதற்குத்தான் வெட்கம். ஆராதனையின் சாட்சி நேரத்தில், ஜெபித்தது கிடைத்தவர்கள் எழுந்து நன்றி சொல்கிறார்கள். அது நல்லதுதான். கிடைக்காதவர்கள் எங்கே எழுந்து நிற்பது? வாடகை பாக்கிக்காகப் பூட்டு போடப்பட்ட வீட்டுக்காரியும், ஜூன் மாதத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாத தகப்பனும், தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று தலைகுனிந்து பின்வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். சகோதரனோ சகோதரியோ ஆகாரமில்லாமல் இருக்கும்போது, சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது இப்படிப்பட்ட ஆராதனைகளை எண்ணித்தான்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது, அதைக் கண்டிக்காமல் இருக்க என்னால் இயலாது. விசுவாசக் காணிக்கை, பொருத்தனைக் காணிக்கை என்று பெயர் சொல்லி, இன்று இவ்வளவு விதைத்தால் நாளை நூறத்தனையாய்த் திரும்பும் என்று ஆசைகாட்டிச் சில கூட்டங்களில் ஏழைப் பெண்களிடம் பணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? குழுக் கடனிலிருந்தும், அடகு வைத்த கம்மலிலிருந்தும் வருகிறது. வாரத் தவணை நாளன்று வசூலுக்கு வருகிறவர் வாசலில் வந்து நின்றால் வாக்குறுதி கொடுத்த ஊழியக்காரர் பக்கத்தில் இருப்பதில்லை. குழுவில் இருக்கும் மற்ற பெண்கள்தான் அவளுக்காகப் பணம் புரட்டி, பிறகு அவளோடு பேச்சை விட்டுவிடுகிறார்கள். கடவுளை நம்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு இல்லாதவளின் ஓமர் அளவிலிருந்து எடுப்பவர்கள், வயலோரத்துச் சட்டத்தை அப்படியே தலைகீழாக்குகிறார்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள் என்று ஒவ்வொரு ஆயரும் பிரசங்க பீடத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடியது பெரிய காரியம் எதுவுமல்ல, நம் பாட்டிமார் செய்து வந்ததுதான். சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து வேறொரு பானையில் போட்டுவைத்து, அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கை, தென்னிந்திய சபைகளில் பெண்கள் காத்துவந்த வழக்கம். வயலே இல்லாத பெண்ணும் தன் உலையிலிருந்து ஓர் ஓரத்தை விட்டுக்கொடுக்க அது இடம் தந்தது. இன்று எங்கள் பக்கத்துச் சபைகள் சிலவற்றில் அந்த வழக்கம் நின்றேபோய்விட்டது. நிற்காத இடங்களிலும் அரிசியை ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒலிபெருக்கிக்கும் வர்ணப் பூச்சுக்கும் அது போய்ச் சேருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, கம்பெனிகளும் கோயில்களும் ஒன்றாக மூடிக்கிடந்தபோது, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மறுபடியும் பிடி அரிசி எடுக்கத் தொடங்கினார்கள். வாங்கிய வீடு எது, கொடுத்த வீடு எது என்று யாருக்கும் தெரியாதபடி ஒரே மாதிரிப் பைகளில் போட்டு இரவில் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். எங்கள் தெருவில் இருந்த இஸ்லாமியக் குடும்பங்களும் அதில் அரிசி சேர்த்தார்கள், அவர்களிலும் சிலர் பெற்றுக்கொண்டார்கள். ஊரடங்கு நீங்கியதும் அது மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. தேவை மட்டும் குறையவில்லை என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கி, தம் வாழ்நாளில் பத்தாயிரம் பிள்ளைகளுக்கு மேல் வளர்த்த ஜார்ஜ் முல்லரை எங்கள் பிரசங்கிகள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் மனிதர் யாரிடமும் கேட்காமல் கடவுளிடம் மட்டும் கேட்டார் என்பார்கள். அது சரியே. அதே முல்லர், வந்த காணிக்கையையும் ஆன செலவையும் ஆண்டுதோறும் அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆகவே, எங்கள் பகுதியின் எல்லா சபைகளின் குழுவினருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் அறுப்பின் பண்டிகையிலிருந்து பிடி அரிசியை ஏலத்தில் விடாமல் தனியே வையுங்கள். அதையும் ஏழையர் நிதியையும் பொறுப்பேற்று நடத்த, குழுவில் இடம்பெறாத இரண்டு மூன்று பெண்களை நியமித்து, உதவி கேட்டு வருகிறவர்களின் பெயர் அவர்களைத் தாண்டி வெளியே போகாதபடி ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, எவ்வளவு அரிசி வந்தது, எத்தனை வீடுகளுக்குப் போனது என்பதைப் பொதுக் கணக்கோடு கலக்காமல் தனி வரியாக வாசியுங்கள். ஏற்கெனவே இப்படிச் செய்துவரும் சபைகள் திருப்பத்தூர், அரக்கோணம், ஆரணிப் பக்கங்களில் இருந்தால், எப்படி நடத்துகிறார்கள் என்பதை இதே வாசகர் பகுதிக்கு எழுதினால், தொடங்க நினைப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.